சமர்கந்தில் அண்ணியோடு மூன்று நாள்

நானும் என் கணவர் தர்ஹானின் அக்கா ஷோல்பான் அண்ணியும் பேசி எட்டு மாதம் ஆகியிருந்தது. மூன்று பேரும் எல்லை தாண்டிப் போய் ஊர் சுற்றி, நல்ல சாப்பாடாக நாலு வேளை சாப்பிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று தர்ஹான் நம்பினார். மே மாத விடுமுறைக்கு, கஜகஸ்தானில் எங்கள் ஊரான சிம்கெண்டிலிருந்து உஸ்பெகிஸ்தானிலுள்ள சமர்கந்துக்குக் கிளம்பினோம்.

சண்டைக்குக் காரணம் என் மாமியாரின் சாவு. அவருக்கு வயிற்றில் புற்றுநோய். சாதாரணப் புண்தான் என்று அவரிடம் அண்ணி சொல்லி வைத்திருந்தார். நான் செவிலி. ஒருநாள் ஊசி போடும்போது மாமியார் என் கையைப் பிடித்துக்கொண்டு, உள்ளதைச் சொல் என்றார். சொன்னேன். ஐந்து வாரத்தில் போய்விட்டார். நோயல்ல, என் வாய்தான் கொன்றது என்று அண்ணி முடிவு கட்டிவிட்டார்.

முதல் நாள் ரெகிஸ்தான் சதுக்கத்தில் அண்ணி தம்பியின் கையைக் கோத்துக்கொண்டு முன்னால் நடந்தார். நான் பத்தடி பின்னால். நீலக் குவிமாடங்களுக்கு முன்னால் நின்று படம் எடுக்க வேண்டியிருந்தபோது கைபேசியைத் தம்பியிடம் கொடுத்தார். தம்பி என்னிடம் கொடுத்தார். அவர்கள் இரண்டு பேரையும் பதினோரு படம் எடுத்தேன். மாலை கபாப் கடையில் அண்ணி எனக்கு நேர் எதிரில் உட்கார்ந்துகொண்டு, "உன் பொண்டாட்டி என்ன சாப்பிடுவான்னு கேளு" என்றார். தர்ஹானும் என்னிடம் திரும்பிக் கேட்டார். அந்தக் கேள்விதான் என்னை அதிகம் சுட்டது.

மறுநாள் மதியம் புலாவ் கடைக்குப் போனோம். அங்கே மூன்று பேருக்கும் சேர்த்து ஒரே தட்டு. கீழே சோறு, அதன்மேல் மஞ்சள் கேரட், உச்சியில் ஆட்டுக்கறி. அண்ணி கறித்துண்டுகளை ஒவ்வொன்றாகத் தம்பி பக்கம் தள்ளினார். என் பக்கம் வெறும் சோறு மிஞ்சியது. பக்கத்து மேசையிலிருந்த உஸ்பெக் அம்மாள் சிரித்த முகத்தோடு, நான் அண்ணிக்குத் தங்கையா என்று விசாரித்தார்.

"தங்கச்சியா? தம்பி பொண்டாட்டி. எங்கம்மாவை அனுப்பி வச்சவ" என்றார் அண்ணி.

அந்த அம்மாள் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அண்ணி தேநீர்க் குடுவையை எடுத்து என் கிண்ணத்தை விளிம்பு வரை நிரப்பினார். எங்கள் பக்கத்தில் விருந்தாளிக்குப் பாதிக் கிண்ணம்தான் ஊற்றுவோம். நிரப்பி வைத்தால் எழுந்து போ என்று அர்த்தம். தர்ஹானைப் பார்த்தேன். அவர் எலும்பிலிருந்து கறியைப் பிரித்துக்கொண்டிருந்தார்.

"அத்தை ஏன் அண்ணி என்கிட்ட உண்மையைக் கேட்டாங்க? பக்கத்துலயே இருந்தீங்க, உங்ககிட்ட ஏன் கேக்கல?" என்றேன்.

"நீ பேசாத."

"நீங்க பொய் சொல்வீங்கன்னு அவங்களுக்குத் தெரியும்."

அண்ணியின் உதடு வெளுத்துவிட்டது. "நீ சொல்றவரைக்கும் எங்கம்மா சிரிச்ச முகமாத்தான் இருந்தாங்க, தெரியுமா உனக்கு? அவங்க நிம்மதியைக் கெடுத்தவ நீ."

"உங்க முன்னால சிரிச்சாங்க. நீங்க பயப்படக் கூடாதுன்னு. அழுததெல்லாம் என்கிட்டதான்."

இதைச் சொல்லியிருக்கக் கூடாதுதான். மாமியார் யாரிடமும் சொல்லாதே என்று கேட்டுக்கொண்ட விஷயம். ஆனால் சொன்ன அந்த நொடியில் எனக்கு இனித்தது. அதை மறைப்பானேன்.

பையை எடுத்துக்கொண்டு சன்னலோர மேசைக்குப் போனேன். பரிமாறுபவர் தயங்கித் தயங்கி வந்தார். கறியோடு புலாவ், தக்காளி வெங்காயம், ரொட்டி என்று எனக்கு மட்டும் சொன்னேன். ஒரு பருக்கை விடாமல் சாப்பிட்டேன். தர்ஹான் எழுந்து வருவார் என்று முதல் கால்மணி நேரம் எதிர்பார்த்தேன். வரவில்லை. இரண்டு பேரும் என் மேசையைத் தாண்டித்தான் வெளியே போனார்கள்.

அன்று பிற்பகல் முழுக்கத் தனியாகச் சுற்றினேன். சியாப் சந்தையில் உலர்ந்த ஆப்ரிகாட் பழம் ருசி பார்த்தேன், பழங்காலக் கல்லறைகள் வரிசையாக நிற்கும் தெருவின் படிகளில் ஏறி இறங்கினேன். கால் கடுக்கும்வரை நடந்தேன். ஊர் அழகாகத்தான் இருந்தது. என் கோபம் அதனால் ஒரு துளியும் குறையவில்லை.

மூன்றாம் நாள் காலை விடுதி முற்றத்தில் தர்ஹான் மெல்ல ஆரம்பித்தார். அக்கா இரவெல்லாம் தூங்கவில்லையாம். நான் ஒரு வார்த்தை மன்னிப்புக் கேட்டால் போதுமாம்.

"உண்மையைச் சொன்னதுக்கா, தனியா உக்காந்து சாப்பிட்டதுக்கா?" என்று கேட்டேன்.

"ரவ்ஷான், அவ பெரியவ."

"நீங்க யாரு அப்போ?"

அவர் உள்ளே போய்ப் பைகளைக் கட்ட ஆரம்பித்தார். திரும்பும் ரயிலில் அண்ணி வேறு பெட்டிக்கு இடம் மாற்றிக்கொண்டார். தர்ஹான் இரண்டு பெட்டிக்கும் நடுவில் நடந்துகொண்டே வந்தார்.

செப்டம்பரில் மாமியாரின் வருட நினைவு விருந்து நடந்தது. தம்பி மட்டும் வந்தால் போதும் என்று அண்ணி சொல்லியனுப்பினார். தர்ஹான் புதுச் சட்டை போட்டுக்கொண்டு, வாசலில் கொஞ்சம் நின்றுவிட்டுப் போனார். நான் அன்றைக்கு வேறொருத்தியின் பணிநேரத்தையும் கேட்டு வாங்கிக்கொண்டு மருத்துவமனையிலேயே இருந்தேன்.