துரைக்குக் கஷாயம்

நாய் நிலவேம்புக் கஷாயம் குடிக்குமா? எங்கள் துரை குடித்தான். என் மனைவி செந்தாமரையின் மடியில் தலையைப் போட்டு, கொடுத்ததையெல்லாம் குடித்தான். கல்யாணமான நாளிலிருந்து நான் அவள் கஷாயத்துக்குத் தப்பி ஓடுகிறவன். அவனுக்குத்தான் ஓடத் தெம்பில்லை.

உண்ணிக் காய்ச்சல். ரத்தத்தில் கிருமி புகுந்துவிட்டது என்று பாபநாசத்தில் கால்நடை டாக்டர் சபிஹா ஊசி போட்டு, மாத்திரையும் எழுதிக் கொடுத்தார். மருந்துக்கடைக்காரர் அட்டையைப் பார்த்து, "இது எதிர்ப்பு சக்தியக் கொறைக்கிற மாத்திரையாச்சே" என்றார். போதாதா? கொரோனா சமயத்தில் தெருவுக்கே அண்டாவில் கஷாயம் காய்ச்சி ஊற்றியவள் இவள். மாத்திரையைப் பரணில் போட்டுவிட்டு அடுப்பை மூட்டிவிட்டாள். குறுவை நடவில் கிடந்த எனக்கு இதெல்லாம் தெரியாது.

இன்று காலை துரை எழுந்திருக்கவில்லை. கண் மஞ்சளாகக் கிடந்தது. சாக்கில் சுற்றி, பைக்கில் எங்கள் இருவருக்கும் நடுவில் வைத்துக் கொண்டுபோனோம்.

டாக்டர் அவன் உதட்டைத் தூக்கிப் பார்த்தார். ஈறு சுண்ணாம்பாய் வெளுத்திருந்தது.

"மாத்திரை குடுத்தீங்களா?"

என்னிடம் கூசாமல் பொய் சொல்கிறவள்தான். அங்கே சொல்லவில்லை. "குடுக்கலைங்கம்மா. ஒடம்புக்கு எதிர்ப்பு வேணுமேன்னு கஷாயம் குடுத்தேன்."

டாக்டர் திட்டவில்லை. "கிருமி அன்னிக்குப் போட்ட ஊசியிலயே செத்துருச்சும்மா. அது போனது ஒடம்புக்குத் தெரியல. இன்னும் சண்டை போட்டுக்கிட்டு, தன்னோட ரத்தத்தையே அழிக்குது. அத அடக்கத்தான் அந்த மாத்திரை."

"பொழைச்சுக்குவானா?"

"சாயங்காலம் வரைக்கும் பாப்போம்."

எனக்குக் கோபம் பொங்கியது. திட்டத்தான் திரும்பினேன். அவள் முகத்தைப் பார்த்ததும் குனிந்து சாக்கை மடித்தேன். பிள்ளை இல்லாத வீட்டில் அவள் பேசுவதையெல்லாம் உட்கார்ந்து கேட்டவன் அவன் ஒருவன்தான். நான் எப்போது கேட்டேன்? அவன் போய்விட்டால் இவளை என்ன செய்வது என்று பயமாக இருந்தது.

ஊசி போட்டு, டிரிப்ஸ் ஏற்றி வராந்தாவில் படுக்க வைத்தார்கள். செந்தாமரை பக்கத்தில் தரையிலேயே உட்கார்ந்தாள். இத்தனை நாளும் "விட்டுடாதடா, எதுத்து நில்லு" என்று அவனிடம் சொல்லிக்கொண்டிருந்தவள், காதோரம் குனிந்தாள்.

"போதும்டா தொரை. சண்டை முடிஞ்சிருச்சு. கொஞ்சம் சும்மா இரு."

விலா வேகமாக ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. அதன்மேல் கையை வைத்தாள். கையும் கூடவே ஏறி இறங்கியது.