வேறொரு கை

...தின்னாது, எங்கே தின்னும், அடுத்தவர் கையில் தின்னக் கூடாது என்று பழக்கிவைத்தவனே இவன்தானே, கொட்டகைச் சுவருக்குப் பின்னால் குந்தியிருந்த சோலைமலை தன்னையே திட்டிக்கொண்டான், பலகை இடுக்கில் குதிரை ரோசியின் முகம் மட்டும் தெரிந்தது, அதன் மூக்குக்கு முன்னால் லயத்து வீட்டு வரிசையில் பக்கத்துக் காம்பிரா வேலாயி கேரட்டை நீட்டியபடி நிற்கிறாள், காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்குப் போகாமல் அரைநாள் கூலியான அரைப்பேரைத் தொலைத்துவிட்டு வந்தவள், கை கடுக்க நிற்கிறாள் பாவம், இந்தக் கழுதையோ... கழுதை என்றா சொன்னேன்... இந்த மகாராணியோ ஒருமுறை மோந்து பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டது. எட்டரைக்குத் துரை வந்துவிடுவார். வேலாயி கையால் குதிரை தின்பதை அவர் கண்ணால் பார்க்க வேண்டும், பார்த்தால் குதிரை யார் பொறுப்பு என்று எழுதிய கடிதத்தில் சோலைமலை பேரை வெட்டி வேலாயி பேரை எழுதுவார், இல்லாவிட்டால் நாளைக்குச் சீமைக்குக் கிளம்புமுன் துப்பாக்கியை எடுப்பார். கெட்ட மனுசனில்லை, பட்டினி கிடந்து சாவதைவிட, கறிக்காரன் கைக்குப் போவதைவிட ஒரு குண்டு மேல் என்பது அவர் நியாயம், அவர் நியாயத்தில் குற்றம் சொல்ல முடியுமா, ஆனால் அந்த நெற்றிச் சுழியைப் பார்த்த பிறகு எந்த நியாயம்தான் மண்டையில் ஏறுகிறது?

மிளகாய்த்தூள்... அதுதான் எல்லாவற்றுக்கும் காரணம். நுவரெலியா பந்தயத் திடலில் குதிரைக்காரனாக இருந்த காலத்தில் எவனாவது தீனியில் மருந்து கலந்துவிடுவான் என்ற பயம், அதனால் யார் யாரையோ கூப்பிட்டு மிளகாய்த்தூள் தடவிய கேரட்டை நீட்டச் சொன்னான், குட்டியாயிருந்த ரோசி தும்மித் தலையை உதறும், அப்புறம் இவன் போய்க் கருப்பட்டி கொடுப்பான், பத்தே நாளில் படித்துவிட்டது, உலகத்தில் ஒரே ஒரு கைதான் நல்ல கை என்று. அப்போது எவ்வளவு பெருமை! அந்தப் பெருமையில் மண்ணைப் போட... சுல்தான் என்ற இன்னொரு குதிரையையும் அப்படித்தானே பழக்கினான். பந்தயம் நின்று லொறி வந்த அன்று சுல்தான் யார் இழுத்தும் ஏறவில்லை, நாலு பேர் கயிற்றைப் பிடித்தும் அசையவில்லை, சோலைமலையைக் கூப்பிடு என்றார்கள், வேறு லாயத்துக்குத்தான் போகிறது என்று யாரோ சொன்னார்கள், நம்பினானா? நம்ப வேண்டும் போலிருந்தது, நம்பினான். கருப்பட்டியை நீட்டினான். சுல்தான் பூனைக்குட்டி மாதிரி பின்னாலேயே வந்து பலகையில் ஏறியது. லொறி திரும்பிய பக்கம் லாயமே கிடையாது, கறிக்காரன் கொட்டில்தான் என்பது அது வளைவில் மறைந்த பிறகுதான் உறைத்தது. ஒன்பது வருசம் ஆகிறது, இன்னும் வலது உள்ளங்கை பிசுபிசுக்கிறது.

அதனால்தான் ரோசிக்காகத் துரை காலில் விழுந்தான், திம்புள்ளைத் தேயிலைத் தோட்டத்து மலைகளைச் சுற்றிவர அவருக்கு ஒரு குதிரை தேவைப்பட்டது, வாங்கினார், கூடவே இவனையும் தோட்டத்தில் சேர்த்துக்கொண்டார். இப்போது அவர் போகிறார். புதுத் துரைக்கு எழுதிய கடிதத்தைக் கிளாக்கர் அம்பலவாணர் கண்ணாடியை ஏற்றிவிட்டுப் படித்துக் காட்டினார். "உம்மட பேரிலதான் எழுதியிருக்கிறார், சோலைமலை. நீர் தோட்டத்தில இருக்குமட்டும் குதிரைக்கும் இஞ்ச இடம்." நான் இருக்குமட்டும்... நான் எதுவரைக்கும் இருப்பேன் ஐயா? கிளாக்கர் கண்ணாடியை இறக்கிக்கொண்டார், இவனுடைய பிரஜாவுரிமை மனு தள்ளுபடியான காகிதத்தையும் படித்தவர் அவர்தானே. தோட்டத்திலேயே இருந்தவர்களுக்குச் செக்ரோல் என்ற ஆள்பதிவேட்டில் பேர் இருந்தது, பந்தயத் திடலில் கிடந்த வருசங்களுக்கு இவனிடம் ஒரு துண்டுக் காகிதம்கூட இல்லை. ரோசிக்கு மட்டும் தாய் பேர், தகப்பன் பேர், பாட்டன் பேர், ஓடிய ஓட்டமெல்லாம் பந்தயப் புத்தகத்தில் அச்சாகியிருக்கிறது. அதன் பக்கத்தில் நின்றவன் எங்கே இருந்தான் என்று அரசாங்கம் கேட்கிறது! சிரிப்புத்தான் வந்தது. ரெண்டு நாட்டுப் பெரியவர்களும் போன வருசம் கையெழுத்துப் போட்டதிலிருந்து லயத்தில் இதே பேச்சு, யார் யாரைக் கப்பலேற்றி அக்கரைக்கு அனுப்புவார்கள், எப்போது அனுப்புவார்கள் என்று, அப்போதெல்லாம் சோலைமலை சொல்வது ஒன்றுதான், "நான் போகமாட்டேன். கட்டித் தூக்கினாலும் போகமாட்டேன்." சொன்னானே தவிர, கடிதத்தைப் படித்துக் காட்டிய மறுநாளே கிளாக்கரிடம் போய், கடிதத்தில் பேரை மாத்தலாமுங்களா என்று கேட்டவனும் அவன்தான், பிரஜாவுரிமை கிடைத்த குடும்பம் வேலாயியுடையது, அவளை யாரும் எங்கேயும் அனுப்ப முடியாது.

"அண்ணே," வேலாயி திரும்பாமலே கூப்பிட்டாள், "இது உங்க வாடையத்தான் தேடுது. உங்க கம்பளியக் குடுங்க."

இது ஏன் எனக்குத் தோன்றவில்லை, அல்லது தோன்றக் கூடாது என்று இருந்தேனா... கம்பளியை உருவிச் சுவருக்கு மேலாகக் கொடுத்தான், குளிர் சுள்ளென்று முதுகில் பிடித்தது, வேலாயி அதைத் தலையோடு போர்த்திக்கொண்டு மறுபடி கையை நீட்டினாள். துரையின் சப்பாத்துச் சத்தம் படிக்கட்டில் கேட்கிறது. தின்னு தாயி, தின்னு... தின்னாதே... சீச்சீ, என்ன நினைப்பு இது, தின்னு. ரோசி கம்பளியில் மூக்கைப் புதைத்து நீளமாக மூச்சு இழுத்தது, அப்புறம் அந்தக் கையைப் பார்த்தது, கேரட் கடிபடும் சத்தம் சுவருக்கு இந்தப் பக்கமும் கேட்டது. "சாப்பிடுது! நல்லது, நல்லது," என்றார் துரை, தொப்பியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார், பையிலிருந்து கடிதத்தை எடுத்துச் சுவரில் வைத்தே பேனாவால் எழுதினார்.

அவர் போன பிறகு வேலாயி கம்பளியை மடித்து நீட்டினாள். "இந்தாங்கண்ணே, நடுங்குறீங்க."

"வேணாம், நீயே வச்சுக்க. அது பழகுற வரைக்கும் ஒனக்கு வேணும்," என்றவன் அத்தோடு நிறுத்தியிருக்கலாம், நாக்கு நிற்கவில்லை, "அங்க நல்ல வெயிலாம்... எனக்கெதுக்குக் கம்பளி."

வேலாயி கேரட்டைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அங்கே என்று அக்கரையை ஏன் சொன்னான், யார் சொல்லச் சொன்னது, எந்தக் கடிதமும் இன்னும் வரவில்லையே, யாரும் பேர் கூப்பிடவில்லையே... ரோசி இரண்டாவது கேரட்டுக்காக அவள் கையை முட்டியது, சோலைமலை வெறும் தோளைத் தடவிக்கொண்டான்.