முதுகில் இரண்டாவது அடுக்கு

…பிளேடை இப்படிச் சாய்த்துப் பிடித்தால் நூல் மட்டும் அறும், துணி அறாது, இது கைக்குத் தெரியும், கைக்குத் தெரிந்ததெல்லாம் சரியாகவே இருந்துவிட்டால் எவ்வளவு நன்றாயிருக்கும், நேற்று இதே கைதானே இந்தப் பொம்மையின் முதுகுக்குள் வெள்ளி இழைத் துணியை ஓர் அடுக்குக்குப் பதில் இரண்டு அடுக்காக வைத்துத் தைத்தது, அவளிடம் ஒரு வார்த்தை கேட்காமல். கேட்காமலா? குந்தியிருக்கிற பொம்மை, முதுகு வளைவு அதிகம், ஓர் அடுக்கு கிழிந்துவிடும், பலத்துக்கு இன்னொன்று இருக்கட்டும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாளே, அது என்ன? பலத்துக்கென்றால் கித்தான் துணி இருந்தது, அலமாரியின் மேல்தட்டிலேயே இருந்தது, எட்டி எடுக்க ஸ்டூல்கூட வேண்டாம்… வெளியே தார்த்தளத்தில் லாரியை அணைத்துவிட்டுக் காத்திருக்கிறார்கள், அவள் பிரித்து முடிக்க வேண்டும், அவசரப்பட்டால் விரல் போகும், போகட்டும், இல்லை, போகக்கூடாது, ரத்தம் பட்டால் துணி மாற்ற வேண்டும், இன்று சாயங்காலத்துக்குள் முடியாவிட்டால் சோதனைப் பட்டியலை மூடிவிடுவார்கள்.

மூன்று வருடமாக இதுதான் வேலை. வண்டிகள் தாமாகவே பிரேக் போடுகின்றனவா என்று பார்க்கிற தளத்தில், மோதி உதிர்ந்த பொம்மைகளுக்குத் தையல். கை ஒரு பக்கம், கால் ஒரு பக்கம், தலை வேலியோரம், எல்லாவற்றையும் கோணியில் அள்ளிக்கொண்டு வந்து கொட்டுவார்கள், சாயங்காலம் மனிதனாகத் திருப்பிக் கொடுக்க வேண்டும். உள்ளே பஞ்சு, அதன்மேல் வெள்ளி இழைத் துணி, அது இல்லாவிட்டால் ரேடாருக்கு இது வெறும் மெத்தை, அது இருந்தால் ஆள். அளவு உண்டு, முதுகுக்கு ஓர் அடுக்கு, அவ்வளவுதான், கூடினால் ரேடாருக்கு ஆள் இன்னும் பளிச்சென்று தெரிந்துவிடும். ஆனால் எல்லாப் பொம்மையும் நிற்கும் அல்லது நடக்கும், குழந்தைப் பொம்மைகூட நிற்கும், குந்தியிருப்பது ஒன்றும் கிடையாது. ஏன் சார் கிடையாது என்று சென்சார்காரரிடம் பதினோரு தடவை கேட்டிருப்பாள், பின்னால் ஆள் இருந்தால் லாரியைத் தானே நிறுத்துகிற இந்தப் புது ரேடார் கருவியை உருவாக்கியவர் அவர்தான், நல்ல மனிதர், நகம் கடிப்பார். பட்டியல்ல இல்லம்மா என்பார். மனுஷங்க பட்டியல் பார்த்தா சார் குந்துறாங்க? பதினோராவது தடவைதான் சிரித்தார். சரி, ஒரே ஒரு தடவை, நீங்களே தச்சுக் கொண்டாங்க, மோதிச்சுன்னா கருவிய மாத்துறேன், நின்னுடுச்சுன்னா இப்படியே தொழிற்சாலைக்கு அனுப்பிடுவேன், அப்புறம் என்னைக் கேக்கக் கூடாது.

ஏன் கேட்கிறாள் என்று அவர்களுக்குத் தெரியாது, அவளும் சொல்லவில்லை, சொன்னால் பாவம் பார்ப்பார்கள், பாவம் பார்த்து வைக்கிற சோதனை எப்படிச் சோதனையாகும்… அவள் கணவர் சேமிப்புக் கிடங்கில் சரக்குச் சரிபார்த்தவர், நாற்காலி கொடுத்தாலும் அதன்மேல் குந்தித்தான் உட்காருவார், கோழி மாதிரி, செய்தித்தாளைத் தரையில் விரித்து, குதிகால் அழுந்த, முழங்கையை முழங்காலில் வைத்து, வாங்க இங்க, இதப் படிங்க என்று அவளை மரியாதையாகக் கூப்பிட்டுக் கேலி பண்ணுவார். அன்றைக்கும் குந்தியிருந்தார், எதற்கென்று யாருக்கும் தெரியாது, எதையாவது எடுக்கவோ, சும்மாவோ. பின்னோக்கி வந்த லாரியில் ஆளைக் கண்டால் கத்துகிற பழைய கருவி இருந்தது, இடுப்பு உயரத்தில், குந்தியிருந்தவர் அதற்குத் தெரியவில்லை. டிரைவர் விசாரணையில் அழுதான். அது கத்தலையேம்மா, கத்தியிருந்தா நிறுத்தியிருப்பேனேம்மா. அவன்மேல் கோபம் வரவில்லை, இன்றுவரை வரவில்லை, கோபப்பட ஓர் ஆள்கூட மிச்சமில்லாமல் போய்விட்டாரே என்றுதான்… நூல் எங்கே, இதோ, இன்னும் ஆறு தையல்.

காலையில் லாரி பின்னால் வந்தது. வந்து, வந்து, நின்றது. பொம்மைக்கும் அதற்கும் ஒரு சாண். எல்லோரும் கைதட்டினார்கள், சோதனை ஓட்டுநர் கீழே குதித்து, அக்கா, உங்க ஆளு பொழச்சிட்டாருக்கா, டீ வாங்கிக் குடுங்க என்றான், விளையாட்டாகத்தான், அவனுக்கு என்ன தெரியும். பொம்மையின் முதுகில் கை வைத்தாள், சும்மா, யாராயிருந்தாலும் வைப்பார்களே அப்படி. தடிமன் விரலில் தட்டியது. அப்போதுதான் தெரிந்தது, அப்போதுதானா?

“சார், இது செல்லாது. உள்ள ரெண்டு அடுக்கு வச்சிட்டேன்.”

“பாஸாயிடுச்சேம்மா, விடுங்களேன். ஊரெல்லாம் பாஸாகணும்னு அழுவுது, நீங்க ஒரு ஆளு.”

“மனுஷன் முதுகுல ஒரு அடுக்குக்கு மேல கிடையாது சார். வேணும்னா கேட்டு வாங்கிக்க முடியுமா?”

அவர் நகத்தைக் கடித்தார், மணி பார்த்தார், அரை மணி நேரம் என்றார்.

அரை மணியில் பிரித்தாயிற்று, இரண்டாவது அடுக்கு கையில் வழுக்கிக்கொண்டு வருகிறது, இவ்வளவு லேசானதா, இதை வைத்துத்தான் ஒரு சாண் சம்பாதித்தாளா, மடித்துப் பைக்குள் போடு, போட்டாள், முதுகைத் தை, நெருக்கமாக, ஓர் அடுக்கோடு, பட்டியலில் இருக்கிற எல்லாரையும் போல. தூக்கிக்கொண்டு நடந்தாள், குந்தியிருக்கிறதைத் தூக்குவது சுலபம், இடுப்பில் வைத்துக்கொள்ளலாம். தளத்தில் போட்டிருந்த வெள்ளைக் கோட்டின்மேல் வைத்து, குதிகாலை அழுத்தி, முழங்கையை முழங்காலில் சரிசெய்துவிட்டு விலகி நின்றாள். கையைத் தூக்கினால் ஓட்டுநர் கிளப்புவான். மோத வேண்டும், மோதினால்தான் கருவியை மாற்றுவார்கள், இனி எங்கேயோ குந்தப்போகிற எவரோ பிழைப்பார்கள், மூன்று வருடம் அதற்காகத்தானே. மோதினால் இன்று சாயங்காலமும் கோணியில் கொண்டுவந்து கொட்டுவார்கள், கை ஒரு பக்கம், கால் ஒரு பக்கம், தைக்கலாம், தைக்கத் தெரியும். நின்றுவிட்டால்? ஓர் அடுக்கோடேயே நின்றுவிட்டால், இந்தப் புதுக் கருவி அன்றே அந்த லாரியில் இருந்திருந்தால் அவர் பிழைத்திருப்பார் என்று ஆகிவிடும், அதை எந்த நூல் வைத்துத் தைப்பது… ஓட்டுநர் கண்ணாடியில் அவளையே பார்த்துக்கொண்டிருக்கிறான், ரெடியாக்கா என்கிறான். இதுவரை மோதட்டும் என்ற ஒன்றைத்தான் வேண்டிக்கொண்டிருந்ததாக நினைத்திருந்தாள். கையைத் தூக்கினாள்.