கோடை டீசல்

1

இந்தக் கதையின் முதல் பாதியை நேற்று மாலை எங்கள் குடியிருப்பின் சவுனாவில், அதாவது நீராவிக் குளியலறையில், கேட்டேன். சொன்னவர் அர்மாஸ், இரண்டாம் மாடி, வயது அறுபத்து மூன்று. படிக்கட்டில் எதிர்ப்பட்டால் தலையை மட்டும் ஆட்டுகிறவர், சவுனாவில் துணியோடு கூச்சத்தையும் கழற்றி வைத்துவிடுவார். மறுபாதி எப்படிக் கிடைத்தது என்பதைக் கொஞ்சம் கழித்துச் சொல்கிறேன். சொல்ல வெட்கமாக இருக்கிறது.

முதல் முயற்சி: லாப்லாந்தின் எல்லையற்ற வெண்பனிப் பரப்பில் தனிமையான ஓர் உருவம்—

வேண்டாம். இது காலண்டர் படம். அர்மாஸ் பனியை ரசித்ததே இல்லை, வாசலில் கிடப்பதைத் தள்ளுவதோடு சரி.

இரண்டாம் முயற்சி: மைனஸ் முப்பத்தொன்று. காலை எட்டு மணி. வண்டி கிளம்பவில்லை.

இது போதும்.

2

முப்பத்தெட்டு வயது டீசல் கார். அர்மாஸ் முறைப்படி எல்லாம் செய்திருந்தார். முற்றத்து மின்கம்பத்திலிருந்து வயரைச் செருகி இரண்டு மணி நேரம் எஞ்சினைச் சூடாக்கினார். சாவியைப் பாதி திருப்பி, சூடேற்றும் விளக்கு அணையும்வரை பொறுத்தார். ஒரு தடவை அல்ல, மூன்று தடவை. பிறகு முழுதாகத் திருப்பினார். மோட்டார் நன்றாகவே சுற்றியது. வண்டிதான் பிடிக்கவில்லை.

பேட்டரி குற்றவாளி இல்லை. விளக்குகள் பளிச்சென்று எரிந்தன. இறங்கிப் பின்னால் போய், கதவு வழியே கையை விட்டு… (இல்லை, அவ்வளவு நீளக் கை யாருக்கும் கிடையாது. திருத்துகிறேன்.) கண்ணாடியில் பார்த்துக்கொண்டே மறுபடி சாவியைத் திருப்பினார். புகைக்குழாயில் புகையே இல்லை. வெள்ளைப் புகை வந்தால் டீசல் வருகிறது, பற்றவில்லை என்று அர்த்தம். புகையே இல்லையென்றால் டீசலே வரவில்லை.

அப்போதுதான் அவருக்கு உறைத்தது. ஆகஸ்டில் ஏரிக்கரைக் குடிலுக்குப் போக டேங்கை நிரப்பினார். பனி விழுந்ததும் சறுக்குவண்டியை எடுத்துக்கொண்டார், காரைத் தொடவில்லை. டேங்கில் இருந்தது கோடையில் விற்கும் டீசல், உறையாத குளிர்கால டீசல் அல்ல. மார்கழித் தேங்காய் எண்ணெய் மாதிரி அது ஃபில்டரில் உறைந்து கிடந்தது.

“மடையா, மடையா,” என்று தன்னையே திட்டிக்கொண்டார்.

3

ரோவனியெமி ரயில் நிலையம் தொண்ணூறு கிலோமீட்டர். பத்து நாற்பதுக்கு, அவர் போனில் நெருங்கிப் பழகிவரும் ஹில்கா வந்து இறங்குவாள்.*

போன வருடமும் வந்தாள் என்று சவுனாவில் சொன்னார். அன்று அர்மாஸுக்குத் திடீரென்று பயம் பிடித்துக்கொண்டது. மனைவி போய் ஒன்பது வருடம், வீட்டில் ஒரே ஒரு காபிக் கோப்பைதான் வெளியே இருக்கும். போனை எடுத்து, “வண்டி கெளம்பல,” என்றார். வண்டி அப்போது முற்றத்தில் உறுமிக்கொண்டிருந்தது. ஹில்கா இரண்டு மணி நேரம் நிலையத்தில் உட்கார்ந்திருந்துவிட்டுத் திரும்பிப் போனாள்.

இந்தத் தடவை முன்கூட்டியே சொல்லிவிட்டாள்: “உங்க வண்டி சத்தம் போன்லயே கேட்டுச்சு அர்மாஸ். இன்னொரு வாட்டி வண்டி மேல பழி போட்டீங்கன்னா, அதான் பதில்னு எடுத்துக்குவேன். அப்புறம் போன் பண்ணாதீங்க.”

இன்று அவரிடம் இருக்கும் ஒரே உண்மை, சொல்லக் கூடாத அந்த வாக்கியம்தான்.

* டாக்சி? ஊரில் இருப்பது ஒன்று. அது விடிவதற்குள்ளேயே டயாலிசிஸ்காரர்களை ஏற்றிக்கொண்டு போய்விட்டது. சனிக்கிழமை காலையில் பஸ் கிடையாது.

4

இங்கே பக்கத்து வீட்டுக்காரர் ஒருவர் தேவைப்படுகிறார். ரெய்னோ என்று பெயர் வைத்தேன். எங்கள் ஊரில் கேட்காமல் உதவப் போனால் ‘உனக்குத் துப்பில்லை’ என்று சொன்ன மாதிரி. உதவி கேட்டால் ‘எனக்குத் துப்பில்லை’ என்று ஒப்புக்கொண்ட மாதிரி. ஆகவே ஒருவர் முற்றத்தில் விறைப்பார், இன்னொருவர் ஜன்னலில் நின்று பார்ப்பார். இருவரும் மரியாதைக்காரர்கள்.

முடிவு, முதல் வகை: அர்மாஸ் ரெய்னோ வீட்டு மணியை அழுத்துகிறார்.

“என்ன?”

“ஒண்ணுமில்ல.”

“சரி.”

“டீசல் ஒறஞ்சிருச்சு.”

“தெரியும். எட்டு மணியிலேருந்து பாத்துக்கிட்டுதான இருக்கேன்.”

“எறங்கி வந்தா கொறஞ்சா போயிருவ?”

“நீ கூப்பிடலையேய்யா!”

இரண்டாம் வகை: ரெய்னோ வெந்நீர்க் கெட்டிலோடு இறங்கி, ஃபில்டருக்குத் துணி சுற்றி ஊற்றி—

இந்த ரெய்னோ எனக்குப் பிடிபடவே இல்லை. இவர் வாயில் எதை வைத்தாலும் பொய்யாக ஒலிக்கிறது. ஏன் என்று எனக்குத் தெரியும்.

5

ரெய்னோ என்று யாரும் இல்லை. மூன்றாம் மாடி ஜன்னல் என்னுடையது. அர்மாஸ் இப்போது, இந்த வரியை எழுதும்போது, கீழே முற்றத்து விளக்கடியில் காரின் முன்மூடியைத் திறந்து வைத்துக்கொண்டு, ஃபில்டரை வெறுங்கையால் பொத்திச் சூடேற்றப் பார்க்கிறார். விரல்கள் வெளுத்துப் போயிருக்கும். நான் இரண்டாவது காபியோடு நோட்டில் அவரைப் பற்றி நகைச்சுவையாக எழுதிக்கொண்டிருக்கிறேன். என் பெட்ரோல் கார் அடுத்த கம்பத்தில் சூடாகித் தயாராக நிற்கிறது. பத்தொன்பது வருடம் இங்கே இருந்து இந்த ஊர் மரியாதையை இந்த ஊர்க்காரர்களை விட நன்றாகக் கற்றுக்கொண்டுவிட்டேன். என்னை நினைத்தால் எனக்கே கேவலமாக இருக்கிறது.

மணி ஒன்பது ஐந்து. உடனே விட்டால் போய்ச் சேரலாம்.

அவர் முகம் சுளித்தால் சுளிக்கட்டும். “ஏறுங்க அர்மாஸ், அப்புறமா திட்டுங்க,” என்று சொல்லப் போகிறேன்.

நடைமேடையில் ஹில்கா யாரைப் பார்த்தாள், என்ன சொன்னாள் என்பதை நீங்களே எழுதிக்கொள்ளுங்கள். எனக்கு நேரமில்லை, இன்னொரு கால் பூட்ஸைக் காணோம்.