ஏழு இணைப்புகளில் நாலாவது

1

இந்தக் கதையை நான் தேடிப் போகவில்லை. இரண்டு வாக்குமூலங்களைப் படியெடுக்கும் வேலை என் மேசைக்கு வந்தது. ஒன்றில் "நான் போட்டது மூன்று" என்றிருந்தது. இன்னொன்றிலும் "நான் போட்டது மூன்று" என்றிருந்தது. பைப்பில் இருந்ததோ ஏழு இணைப்புகள். விரல்விட்டு எண்ணினேன், மறுபடியும் எண்ணினேன். கூட்டல் சரியாக வந்திருந்தால் ஃபைலைக் கட்டிவைத்துவிட்டு டீ குடிக்கப் போயிருப்பேன்.

தொடங்கிப் பார்த்தவை:

"தீப்பொறிகள் நட்சத்திரங்களைப் போலச் சிதற..." (வேண்டாம். பதினெட்டு வருஷமாக வெல்டர்களோடு இருக்கிறேன். பொறி சட்டைக் காலருக்குள் விழும்போது அவர்கள் நட்சத்திரத்தைப் பற்றிப் பேசி நான் கேட்டதில்லை.)

"கபாசா நல்ல வெல்டர்." (விசாரணையே அதைப் பற்றித்தான். முதல் வரியிலேயே தீர்ப்பு சொல்ல நான் யார்?)

"புதன்கிழமை காலை, ஆசிட் போகும் பைப்பில் நாலாவது இணைப்பு பிளந்தது. பம்ப் பக்கத்தில் நின்ற சிபேசாவுக்கு இடது கண் போயிற்று."

இது இருக்கட்டும். குறைந்தபட்சம் இது நடந்தது.

2

கபாசாவுக்கு முப்பத்தெட்டு வயது. வீடு லுவான்ஷ்யாவில். மனைவி, முவாபே என்று ஒரு மகள். வேலை, நான் பெயர் எழுதப்போகாத ஒரு செம்புச் சுரங்கத்தில், ஒரு ஒப்பந்தக் கம்பெனிக்காக. நாலு வாரம் சுரங்க முகாம், நாலு வாரம் வீடு. அவன் வீட்டில் இருக்கும் நாலு வாரமும் அவன் கட்டிலில் ஜெரே படுத்திருப்பான். ஜெரே சிப்பாட்டா ஊர்ப் பக்கத்து ன்கோனி இனத்து ஆள், கபாசா பெம்பா இனம். ஒரே கட்டில், ஒரே அலமாரி, ஒரே முகக்கவசம். நாலு வருஷத்தில் இருவரும் சேர்ந்து இருந்தது, செவ்வாய்க்கிழமைகளில் ஒரு பஸ் வந்து இன்னொரு பஸ் கிளம்பும் இடைவெளியில்தான்.

முகாமிலும் ஒரே இடத்தில் வேலை கிடையாது. ஒரு வாரம் உருக்காலையில் கொதிகலன் குழாய், அடுத்த வாரம் கல்லுடைக்கும் இயந்திரத்தின் பல், அப்புறம் லாரித் தொட்டி, அப்புறம் ஆசிட் பைப். யார் எந்த வாரம் எங்கே என்ற லிஸ்டை எழுதுபவன் நான். அதனால் என் பெயர் முகாமில் யாருக்கும் தெரியாது. எல்லோருக்கும் நான் "பா லிஸ்ட்".*

* "பா" மரியாதைக்கு. லிஸ்டுக்கும் மரியாதை உண்டு என்று கபாசா சொல்வான்.

கபாசாவும் ஜெரேயும் பேசிக்கொண்டது அலமாரிக் கதவின் உட்பக்கத்தில், சாக்குக்கட்டியால். பெம்பாக்காரனும் ன்கோனிக்காரனும் ஒருவரையொருவர் திட்டிக்கொள்ளாவிட்டால்தான் ஏதோ தகராறு என்று அர்த்தம். "குரங்குத்தின்னி, கையுறையைக் காயவைக்காமல் போயிட்டே." அதற்குக் கீழே, நாலு வாரம் கழித்து: "எலித்தின்னி, உன் தலைகாணியில வால் கிடக்கு."

ஒவ்வொரு இணைப்பை முடித்ததும் வெல்டர் தன் எண்ணைப் பக்கத்தில் பதிக்க வேண்டும். எஃகு அச்சு, தலையில் சுத்தியலால் ஒரு தட்டு. பிளந்த இணைப்பின் பக்கத்தில் 17 என்று இருந்தது. கபாசாவின் எண் 17. ஜெரேயின் எண்ணும் 17. இருவருக்கும் ஒரே அச்சு கொடுக்கப்பட்டிருந்தது.

3

அந்த ஏழு இணைப்புகளும் விபத்துக்கு ஐந்து மாதம் முன்பு, ஆள் மாறும் வாரத்தில் போடப்பட்டவை. ஜெரே பம்ப் முனையில் தொடங்கியிருக்கிறான். பஸ் வந்ததும் போய்விட்டான். அன்று மதியம் கபாசா வந்து தொட்டி முனையில் தொடங்கினான். பம்ப் பக்கத்தில் அன்று கான்கிரீட் போட்டுக்கொண்டிருந்தார்கள், போக வழியில்லை. பதிவேட்டில் ஒரே வரி: "ஆசிட் பைப், ஏழு, எண் 17." பத்துக்கு ஒன்றைத்தான் எக்ஸ்ரே எடுப்பார்கள். நாலாவதை எடுக்கவில்லை.

விசாரணை அதிகாரி இருவரையும் தனித்தனியாகக் கூப்பிட்டார்.

"எத்தனை போட்டீங்க?"

"மூணு, சார்," என்றான் கபாசா.

"நல்லா நினைவிருக்கா?"

"மூணுதான்."

ஜெரே சிப்பாட்டாவிலிருந்து பஸ்ஸில் ஒரு நாள் முழுக்கப் பயணம் செய்து வந்து, அதே நாற்காலியில் உட்கார்ந்து, அதே மூன்றைச் சொன்னான். அதிகாரி பேனாவை மூடினார்.

"அப்ப நடுவுல இருக்கிறதை யார் போட்டது, பேயா? பத்து நாள் தர்றேன். ஒருத்தர் ஒத்துக்கிட்டா ஒருத்தரோட கார்டுதான் போகும். இல்லைன்னா ரெண்டும் போகும்."

கார்டு என்றால் வெல்டர் கார்டு. அது இல்லாதவனை எந்தச் சுரங்கத்தின் வாசலிலும் உள்ளே விட மாட்டார்கள்.

4

கபாசா வீட்டுக்கு வந்தான்.

[இங்கே அவன் குற்றவுணர்வை விவரித்து ஒரு பத்தி எழுதினேன். எடுத்துவிட்டேன். குற்றவுணர்வுக்கு, தான்தான் செய்தோம் என்று தெரிந்திருக்க வேண்டும். அவனுக்கு அதுகூட இல்லை.]

மூன்றாம் நாள், கொல்லையில் இருந்த தண்ணீர் டிரம்மின் முன்னால் முட்டி போட்டு, கையில் ஒரு குச்சியை வெல்டிங் ராடு மாதிரி பிடித்துக்கொண்டு, டிரம்மைச் சுற்றி மெதுவாக நகர்ந்துகொண்டிருந்தான். கை ஞாபகம் வைத்திருக்கும் என்று நம்பினான். முதல் இணைப்பு தெரிந்தது. மேலே தொட்டியின் நிழல். இரண்டாவதும் தெரிந்தது, இடது முட்டிக்குக் கீழே ஒரு போல்ட் குத்தியது. மூன்றாவதில் ராடு ஈரமாக இருந்து ஒட்டிக்கொண்டது. அதற்குப் பிறகு, படுத்துக்கொண்டு மேல்நோக்கிப் போட்டது ஒன்று ஞாபகம் வந்தது. ஆனால் அது இந்தப் பைப்பா, உருக்காலையில் போட்டதா?

துணி காயப்போட வந்த மனைவி நின்று பார்த்தாள். மகள் பெயரை வைத்துத்தான் இருவரும் கூப்பிட்டுக்கொள்வார்கள்: அப்பா பாஷி முவாபே, அம்மா பானா முவாபே.

"பாஷி முவாபே, டிரம்மையே சுத்திச் சுத்தி வர்றீங்களே, அதைக் கல்யாணம் கட்டிக்கப் போறீங்களா?"

"கொஞ்சம் சும்மா இரு, பானா முவாபே. நாலாவதுல படுத்தேனா, முட்டி போட்டேனான்னு பாக்கறேன்."

"நாலாவதா? மூணுன்னுதானே சொல்லிட்டு வந்தீங்க?"

"சொல்லும்போது மூணுதான் இருந்துச்சு. பஸ்ல வர வர நாலாயிடுச்சு."

"இன்னும் ரெண்டு ஸ்டாப் தள்ளி இறங்கியிருந்தா ஏழையும் நீங்களே போட்டிருப்பீங்க."

அவன் சிரிக்கவில்லை. அவள் ஈரத்துணியைத் தோளில் போட்டுக்கொண்டு அவன் எதிரே குந்தினாள்.

"இங்க பாருங்க. அந்த மனுஷனுக்குக் கண்ணு போயிடுச்சு. நீங்க போட்டதுன்னா போய்ச் சொல்லுங்க, நான் எப்படியாவது சமாளிக்கறேன். போடலைன்னா, பெரிய மனுஷன் வேஷம் கட்டாதீங்க. ரெண்டுல எது?"

"தெரியலை."

"அது எப்படித் தெரியாம இருக்கும்? உங்க கைதானே?"

"கை நம்மளோடதுதான். வாரத்துக்கு ஒரு இடம். ஒரு நாளைக்குப் பத்துப் பன்னண்டு ஜாயிண்ட். நீ போன மாசம் எட்டாம் தேதி எத்தனை தடவை ன்ஷீமாக் களி கிண்டினே, சொல்லு பாப்போம்?"

அவள் யோசித்தாள். "ஒண்ணு. இல்ல, ரெண்டு." பிறகு எழுந்து போய்விட்டாள்.

(இந்த உரையாடல் நடந்தபோது நான் அங்கே இல்லை. கபாசா சொன்னது. பஸ் ஸ்டாப் கிண்டலை நானாகச் சேர்த்துவிட்டேன் என்று எண்ணி அடிக்கப் போனேன். அவனிடம் கேட்டால், அது அவள் சொன்னதேதான் என்கிறான். எனக்கு இப்போது அதுவும் நிச்சயமில்லை.)

5

பத்தாம் நாள் காலை, விசாரணைக்கு முன்னால், பிளந்த துண்டை வெட்டியெடுத்து என் மேசையில் கொண்டுவந்து வைத்தார்கள். கபாசாவும் ஜெரேயும் அதன் இரண்டு பக்கமும் உட்கார்ந்தார்கள். பஸ் சத்தமில்லாமல், அவசரமில்லாமல் அவர்கள் சேர்ந்து உட்கார்ந்தது அன்றுதான் முதல் தடவை.

ஜெரே என்னைவிட உயரம் என்பதும், வலது காதில் பாதி இல்லை என்பதும் அன்றுதான் தெரிந்தது. நாலு வருஷமாக லிஸ்டில் அவன் பெயரை எழுதியிருக்கிறேன்.

"வா குரங்குத்தின்னி. இளைச்சுட்டே," என்றான் ஜெரே.

"உன் ஊர்ல எலி எல்லாம் தீந்துடுச்சா? முகமே வத்திப்போச்சு உனக்கு."

அதற்குமேல் இருவருக்கும் திட்ட வரவில்லை.

வெல்டர் போட்ட கோடு அவன் கையெழுத்து மாதிரி, பார்த்தால் சொல்லிவிடலாம் என்று எல்லோரும் சொல்வார்கள். நானும் அப்படி ஒரு காட்சியை எழுதத்தான் தயாராக இருந்தேன். கபாசா துண்டைத் திருப்பினான். வெளிச்சத்தில் பிடித்தான். விரலால் தடவினான். ஜெரேயிடம் கொடுத்தான். ஜெரேயும் திருப்பினான், தடவினான்.

"உன்னுது மாதிரி இருக்கு," என்றான் ஜெரே.

"எனக்கு உன்னுது மாதிரி தெரியுது."

"நான் முடிக்கிற இடத்துல இப்படி இடப்பக்கம் சாய்க்க மாட்டேன்."

"நானும் சாய்க்க மாட்டேன். வந்த புதுசுல நீ சாய்ப்பே. அதைப் பாத்து நானும் கொஞ்ச நாள் சாய்ச்சேன்."

"நான் உன்னுதைப் பாத்துல்ல சாய்க்கிறதை விட்டேன்."

இருவரும் துண்டை மேசையில் வைத்துவிட்டு, என்னைப் பார்த்தார்கள். நான் எதற்கோ லிஸ்டைப் பார்த்தேன்.

"பா லிஸ்ட், உங்களுக்கு ஏதாவது ஞாபகம் இருக்கா?" என்று கபாசா கேட்டான்.

"என்கிட்ட தேதி இல்லையே," என்றேன்.

6

அன்று விசாரணையில் கபாசா முதலில் போனான்.

"நாலு போட்டேன் சார்."

அடுத்து ஜெரே. கபாசா என்ன சொன்னான் என்று அவனுக்குத் தெரியாது. நான் வாசலில் இருந்தேன், அவர்கள் பேசிக்கொள்ளவில்லை.

"நாலு, சார். நடுவுல இருக்கிறது என்னுது."

முதலில் மூன்றும் மூன்றும் ஆறு. இப்போது நாலும் நாலும் எட்டு. ஏழு மட்டும் வரவே இல்லை.

இங்கே வாசகர் கண்ணைத் துடைத்துக்கொள்ளலாம் என்று நினைத்து, தியாகம் என்ற சொல்லை எழுதினேன். கபாசாவிடம் காட்டினேன். "தியாகமெல்லாம் ஒண்ணுமில்ல பா லிஸ்ட். நிஜமாவே நாலுன்னு தோணிச்சு. உள்ள போகும்போதுகூட மூணுதான். நாற்காலியில உக்காந்தேன், நாலுன்னு வந்துச்சு," என்றான். சொல்லை அடித்துவிட்டேன். ஜெரேயிடம் கேட்க முடியவில்லை, பஸ் கிளம்பிவிட்டது.

அதிகாரி, தன்னை இருவரும் சேர்ந்து கேலி செய்வதாக எடுத்துக்கொண்டார். இரண்டு கார்டும் போயின. ஃபைலில் "எண் 17 வெல்டரின் தவறு" என்று ஒருமையில் எழுதி மூடினார். கபாசா இப்போது லுவான்ஷ்யா சந்தைக்குப் பின்னால் ஜன்னல் கம்பியும் கேட்டும் செய்கிறான். ஜெரே மாட்டுவண்டிச் சட்டம் பற்றவைக்கிறானாம்.

7

இன்னொரு முடிவு யோசித்தேன்: அதிகாரி பதிவேட்டைப் புரட்டுகிறார், ஓரத்தில் பென்சிலால் எழுதிய ஒரு தேதி தென்படுகி...

இல்லை. அப்படி ஒரு தேதி இல்லை. ஏன் இல்லை என்றால்... இரண்டாம் பகுதியின் கடைசி வரியைத் திருத்த வேண்டும். "ஒரே அச்சு கொடுக்கப்பட்டிருந்தது" என்று எழுதியிருக்கிறேன். யார் கொடுத்தது என்று சொல்லாமலே தமிழில் ஒரு வாக்கியத்தை முடித்துவிடலாம். அலுவலகத்தில் எனக்குச் சோறு போடுவது அந்த வசதிதான். திருத்தம்: ஒரே அச்சை நான் கொடுத்தேன். இரண்டாவது அச்சு கேட்டு எழுதினால் வர ஆறு வாரம் ஆகும். இருவரும் ஒரே சமயத்தில் முகாமில் இருக்கப்போவதில்லையே என்று நினைத்தேன். பதிவேட்டில் தேதியில்லாமல் ஏழு என்று ஒரே வரியாக எழுதியதும் நான். விசாரணையில் என்னை யாரும் எதுவும் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

இந்தக் கதையின் பிறப்பைப் பற்றி முதல் பகுதியில் சொன்னது பொய்யில்லை. பாதி.

8

போன வாரம் சிபேசா வந்தார். கம்பெனி கொடுத்த ஒரு காகிதத்தில் கையெழுத்துப் போட வேண்டியிருந்தது. கன்னத்தில் தோல் இழுத்துப் பிடித்திருந்தது. இடது கண்ணின் மேல் வெள்ளைப் பஞ்சு. எதிர் நாற்காலியில் உட்கார்ந்தார்.

"அந்த ரெண்டு பேரும் ஆஸ்பத்திரிக்கு வந்தாங்க. தனித்தனியா. ஆளுக்கு ஒரு மன்னிப்பு கேட்டாங்க. போனது ஒரு கண்ணுதான், மன்னிப்பு ரெண்டு வந்திருக்கு. இன்னொன்னை யார்கிட்ட திருப்பிக் குடுக்கறது?"

நான் சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தேன். "பா சிபேசா, அந்த அச்சு விஷயத்துல..."

அவர் கையை உயர்த்தினார். "நான் வேற ஒண்ணு கேக்க வந்தேன். அது விபத்துக்கு முந்தின நாள், செவ்வாய்க்கிழமை. நாலாவது ஜாயிண்ட் கசியுதுன்னு இங்க வந்து சொன்னேன். இந்த ஜன்னல்லதான். லிஸ்டைப் பாத்துக்கிட்டே, 'சரி, எழுதிக்கறேன்'னு ஒருத்தர் சொன்னார். தலையைத் தூக்கலை. தொப்பி மட்டும் தெரிஞ்சுது. அது நீங்களா, இல்ல உங்களுக்கு மாத்தா வர்றாரே, அவரா?"

எனக்கும் ஒரு மாற்று உண்டு, பெயர் சிசங்கா. இதுவரை கதைக்குத் தேவைப்படவில்லை, எழுதவில்லை. செவ்வாய் எங்களுக்கும் ஆள் மாறும் நாள். மதியம் வரை நான், அதற்குப் பிறகு அவர். இருவருக்கும் கம்பெனித் தொப்பி.

"எத்தனை மணிக்கு வந்தீங்க?"

"பம்ப் சத்தத்துல மணி யாருக்குத் தெரியும்? பசிச்சுது. சாப்பிடப் போற நேரம்னு வைங்க. இல்ல, சாப்பிட்டப்புறம்."

பதிவேட்டை அவர் முன்னாலேயே திறந்தேன். செவ்வாய்க்கிழமைப் பக்கத்தில் மேலே என் கையெழுத்து, கீழே சிசங்காவின் கையெழுத்து. கசிவைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. அந்தக் காலையை நினைத்துப் பார்த்தேன். யாரோ செருப்பு அளவு கேட்டார்கள். யாரோ பஸ்ஸில் இடம் கேட்டார்கள். யாரோ ஏதோ சொட்டுகிறது என்றார்கள். அது சமையலறைக் குழாயாகவும் இருக்கலாம், போன மாதமாகவும் இருக்கலாம். "சரி, எழுதிக்கறேன்" என்று ஒரு நாளைக்கு முப்பது தடவை சொல்கிறேன். தலையை ஏன் தூக்க வேண்டும்?

எழுதி வைத்திருக்கும் பதில்கள்:

[நான்தான். என்னிடம்தான் சொன்னீர்கள்.]

[நானில்லை. நான் அப்போது பஸ்ஸில் இருந்தேன்.]

இரண்டையும் வாய்விட்டுப் படித்துப் பார்த்தேன். இரண்டும் என் குரலில் உண்மை மாதிரியே கேட்கின்றன. எழுதினவனால் ஆகவில்லை, அதனால் பேனா உங்களிடம். ஒன்றை அடித்துவிடுங்கள். சீக்கிரம் அடியுங்கள். இந்தப் பக்கத்தில் சிபேசா இன்னும் எழுந்து போகவில்லை. மிச்சமிருக்கும் கண்ணால் என் தொப்பியையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்.