புது சிப், பழைய டாங்கிள், ஒரு ஸ்டூல்

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதை என் மூளையில் உதித்ததல்ல. லேப்டாப் ரிப்பேர் கடையில் என் முறைக்காகக் காத்திருந்தபோது ஒட்டுக்கேட்டது. முதல் வரி இப்படி வந்தது:

கறுப்பு நிறக் கார் ஓசையின்றி வந்து நிற்க, அதிலிருந்து இறங்கியவன் கையில்—

அடித்துவிட்டேன். இந்தக் கதையில் கார் கிடையாது. பிணமும் கிடையாது. மர்மத் தொடர்கதை எழுதும் எனக்கு இருபது வருடமாகச் சோறு போட்ட வரி, இங்கே ஓட மறுக்கிறது.

2

நாயகி எம்பிராய்டரி கடை வைத்திருப்பவள். அண்ணி என்றே அழைப்போம். புது ரகச் சிப் போட்ட லேப்டாப் ஒன்று வாங்கினாள். சூடு இல்லை, சத்தம் இல்லை, ஒருமுறை சார்ஜ் போட்டால் நாள் முழுக்கத் தாங்கும். பழைய கம்ப்யூட்டரை நாத்தனார் தலையில் கட்டினாள்.

"அடுப்பு மாதிரி சுடும், லாரி மாதிரி கத்தும். உனக்கு இது போதும்."

[கடைசி வாக்கியத்தை வெட்டச் சொன்னாள் என் மனைவி. "எந்த அண்ணியும் இப்படிப் பேச மாட்டா." அவளுக்கு நாத்தனார் கிடையாது. வாக்கியம் இருக்கட்டும்.]

3

திங்கட்கிழமைக்குள் அறுநூறு பள்ளிச் சட்டைகளில் புதுச் சின்னம் தைத்தாக வேண்டும். தவறினால் அந்தப் பள்ளியே எதிர்க்கடைக்குப் போய்விடும். இன்று வியாழன். புது லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு ரிப்பேர் கடைக்கு வந்திருக்கிறாள்.

"சாஃப்ட்வேர் ஓடுதுக்கா," என்றான் மெக்கானிக். "பழைய சிப்புக்கு எழுதினத புது சிப்பு மொழிபெயர்த்து ஓட்டிக்கும். கொஞ்சம் மூச்சு வாங்கும், அவ்வளவுதான். மக்கர் பண்றது இந்த டாங்கிள்."

விரல் நீளப் பூட்டு அது. செருகினால்தான் சின்னத்தை வரைந்து தையல் மெஷினுக்கு அனுப்பும் டிசைன் சாஃப்ட்வேர் திறக்கும்.

"இதைக் கம்ப்யூட்டருக்குப் புரியவைக்கிற டிரைவர் ப்ரோகிராமை அப்படி ஓட்ட முடியாது. புது சிப்புக்குன்னு தனியா எழுதணும்."

"எழுதச் சொல்லேன்ப்பா!"

"யாரை? கம்பெனிய மூடிட்டுப் போயே அஞ்சு வருஷம் ஆச்சு."

"சரி, வேற சாஃப்ட்வேர் வாங்கிட்டா?"

விலையைச் சொன்னான்.

"லேப்டாப்பே அவ்வளவு இல்லையேப்பா!"

"பழசு எங்கக்கா? அதுல செருகினா முடிஞ்சுது."

அண்ணி டாங்கிளை வெடுக்கென்று பிடுங்கிக்கொண்டாள். (இந்த இடத்தில் ஒரு இடி வைத்திருந்தேன். வெயில் அடித்ததால் எடுத்துவிட்டேன்.)

4

முடிவுகள் எழுதிப் பார்த்தேன்.

மூடிய கம்பெனி திடீரென்று டிரைவர் அனுப்புகிறது. நான் தொடர்கதை எழுதுகிறவன்தான். அதற்காக இப்படியா புளுகுவது?

நாத்தனார் பழையதைக் காயலான் கடையில் போட்டுவிட்டாள். அண்ணி விம்மி விம்மி— வேண்டாம்.

மிச்சம் ஒன்றுதான். அழைப்பு மணி அடித்தது. நாத்தனார் கதவைத் திறந்தாள். உள்ளே பழைய கம்ப்யூட்டர் லாரி மாதிரியே கத்திக்கொண்டிருந்தது.

"வாங்க அண்ணி. அண்ணன் போன்ல எல்லாம் சொல்லிட்டாரு."

"அப்ப... நாலு நாளைக்கு எடுத்துட்டுப் போகட்டுமா?"

"அது எங்கயும் வராது. நீங்க இங்கயே உக்காந்து வேலையப் பாருங்க." அழகாகச் சிரித்தாள். "எங்க வீட்டு ஸ்டூலு உங்களுக்குப் போதுமில்ல?"

அண்ணி கையில் டாங்கிளோடு ஸ்டூலைப் பார்த்தாள்.

உட்காருவாளா? என்னைக் கேட்காதீர்கள். நான் எழுதினால் பளாரென்று ஓர் அறை விழும், பழக்கதோஷம். நீங்களே முடித்துவிடுங்கள், சீக்கிரம், அறுநூறு சட்டை காத்திருக்கிறது. ஒன்று மட்டும் சொல்லிவிடுகிறேன்: அந்த ஸ்டூலுக்கு ஒரு கால் குட்டை. அது என் வேலைதான். மன்னிக்கவும்.