தூக்கிச் செல்லப்படுபவர்

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் பாலம் இடிந்தது. இடித்தவன் நான்தான். காலண்டர் தாளின் பின்பக்கம் கட்டம் கட்டமாகக் கோடு போட்டு வரைந்த பாலம்; அதன் மேல் பென்சிலால் குறுக்கும் நெடுக்குமாகக் கிறுக்கினேன், தீர்ந்தது கதை. நாங்கள் மூவரும் கதை சொல்லியே ஆடுகிற இந்த ஆட்டத்தில் அக்காவுக்கும் தம்பிக்கும் ஆளுக்கொரு அதிசய சக்தி உண்டு. எனக்கு ஒரு சக்தியும் கிடையாது. கதையை நடத்துவதும், விதிப் புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு இது செல்லும், அது செல்லாது என்று சொல்வதும் என் வேலை. லிஃப்ட் ரிப்பேர் பார்க்கிறவனுக்கு இதைவிடப் பொருத்தமான வேலை அமையாது என்பாள் அக்கா. எடை மீறினால் ஏறாதே என்று நாளெல்லாம் ஊராரிடம் சொல்லிப் பழகின வாயாம்.

அக்காவின் நாயகி பெயர் கவசம். எதையும் தாங்கிப் பிடிப்பவள். தம்பியின் நாயகன் ராக்கெட். ஒரு சுற்றில் எவ்வளவு தூரம் வேண்டுமானாலும் ஓடிவிடுவான். தாளில் கவசத்துக்குப் பதில் ஒரு சட்டைப் பொத்தான், ராக்கெட்டுக்கு ஒரு சோடா மூடி. பாலத்தைத் தாங்கித் தாங்கி ஓய்ந்துபோய், சாய்கிற தூணுக்கு அடியில் கிடந்தாள் கவசம். இன்னொரு காயம் பட்டால் அவள் கதை முடிந்தது.

அக்கா கட்டிலில் சாய்ந்திருந்தாள். மூக்கில் குழாய். பக்கத்தில் ஆக்சிஜன் மெஷின் பெருமூச்சு விட்டுக்கொண்டே இருந்தது. வயசெல்லாம் பஞ்சாலையில் கழிந்ததில் நுரையீரலில் பஞ்சு அடைத்துவிட்டது. தம்பி லாரி ஓட்டுகிறவன், தூரத்தில் பெரிய நகரத்தில் இருக்கிறான்; அக்காவை அழைத்துப்போக வந்திருந்தான். அங்கே இருக்கிற பெரிய ஆஸ்பத்திரிக்கு அவளைக் கொண்டுபோக, மறுநாள் காலைக்கு ஆம்புலன்ஸ் பேசிவிட்டான். டாக்டரோ என்னைத் தனியாகக் கூப்பிட்டு, இந்த உடம்பு அந்த ரோட்டைத் தாங்காது, பாதி வழியிலேயே உயிர் போய்விடும், இங்கேயே சிரமம் இல்லாமல் வைத்துக்கொள்ளுங்கள் என்றார். தம்பியிடம் மாடிப்படியில் வைத்துச் சொன்னேன். டாக்டர்கள் அப்படித்தான் சொல்வார்கள், மலைப்பாதையில் கண்ணாடி ஏற்றிக்கொண்டு போய் ஒரு கீறல் விழாமல் இறக்கியிருக்கிறேன், எனக்குத் தெரியாத ரோடா என்றான். டாக்டர் என்ன சொன்னார் என்று அக்கா கேட்டபோது, பார்க்கலாம்னார் என்று மென்று விழுங்கினேன்.

தம்பியின் முறை வந்தது. ராக்கெட் ஓடுகிறான், கவசத்தைத் தூக்குகிறான், ஆஸ்பத்திரியில் இறக்குகிறான், எல்லாம் ஒரே சுற்றில் என்றான். சோடா மூடியைக் கையில் எடுத்தும்விட்டான். நான் புத்தகத்தைத் திறந்தேன்.

"அவ தாங்கணும்டா. தூக்கிட்டு ஓடுறவனுக்கு ஒண்ணும் ஆகாது. தூக்கிச் செல்லப்படுபவர்தான் பகடை உருட்டணும்னு போட்டிருக்கு. தோத்தா காயம்."

அவனுக்கு வந்ததே கோபம். இதுவரை ஒரு கடைக்காரர், ஒரு போலீஸ்காரர், ஒரு தடவை ஆட்டைக்கூடத் தூக்கிக்கொண்டு ஓடியிருக்கிறான். அப்போதெல்லாம் இந்த விதி எங்கே போயிருந்தது என்று பிடித்துக்கொண்டான். நியாயம்தான். ஆட்டம் நிற்கக் கூடாதே என்று அந்த வரியை நான் கண்டும் காணாமல் விட்டுக்கொண்டிருந்தேன். அப்படியென்றால் மெதுவாக ஓடுகிறேன் என்றான். மெதுவாக ஓடினால் அதற்குள் தூண் விழுந்துவிடும் என்றேன். கிளம்பும்போது குலுங்கினால்தானே அடி, கொஞ்சம் கொஞ்சமாக வேகம் பிடித்தால்? அதற்கு விதியில் இடமில்லை என்றேன்.

"கண்ணாடியே ஏத்திட்டுப் போயிருக்கேன்டா நான்" என்றான்.

அக்கா புத்தகத்துக்குக் கை நீட்டினாள். மூக்குக் கண்ணாடியைக் குழாய் இடறாமல் மாட்டிக்கொண்டு, மூச்சு வாங்கி வாங்கி அந்தப் பக்கத்தைக் கடைசி வரை படித்தாள்.

"சரியாத்தான் சொல்றான்" என்றாள் தம்பியிடம். அப்புறம் என் பக்கம் திரும்பினாள். "டாக்டர் சொன்னத என் முகத்தப் பாத்துச் சொல்ல உனக்கு வாய் வரல. ஒரு பாலத்தையே இடிச்சுல்ல சொல்ற, கடன்காரா."

சிரிக்கப் போய் இருமல் பிடித்துக்கொண்டது. நான் முதுகைத் தாங்கினேன், தம்பி தண்ணீரோடு நின்றான். அடங்க வெகுநேரம் ஆனது. அவ்வளவு நேரமும், அவளுக்கு முன்பே தெரிந்திருக்கிறது என்பதுதான் என் மனசை அறுத்தது.

தம்பி பகடையை எடுத்து அவள் உள்ளங்கையில் வைத்தான். "உருட்டித்தான் பாப்போமேக்கா. நல்லதாவும் விழலாம்ல."

அவள் அதைக் கொஞ்ச நேரம் கையிலேயே வைத்திருந்தாள். பிறகு தலையணை ஓரமாக வைத்துவிட்டாள்.

"வேணாம்டா. கவசம் வரல. இங்கயே இருந்துக்கிறா."

"அப்ப எனக்கு எதுக்குக்கா இவ்வளவு வேகம்?"

அரை டிரவுசர் போட்ட வயசில் அழுத குரல் அது. என்னால் அவனைப் பார்க்க முடியவில்லை.

"வந்து சேரத்தான்" என்றாள். "தூண் விழுற வரைக்கும் பேச்சுத் துணைக்கு ஆள் வேணாமா எனக்கு? வா."

அவன் சட்டைப்பையில் போன் அதிர்ந்தது. எடுத்துப் பார்த்தான். ஆம்புலன்ஸ்காரர். காலையில் எத்தனை மணிக்கு வர வேண்டும் என்று கேட்கத்தான் இருக்கும். போனைக் கவிழ்த்துக் கட்டில்மேல் வைத்தான். அது பாட்டுக்கு அதிர்ந்து ஓய்ந்தது.

புறங்கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, சோடா மூடியைத் தாளின் அந்தக் கோடியில் திரும்ப வைத்தான். விதிப்படி அவன் ஒரே வீச்சில் பொத்தானுக்குப் பக்கத்தில் போய்விடலாம். அவனோ விரலை வைத்து ஒரு கட்டம் நகர்த்தினான். நிறுத்தினான். பிறகு அடுத்த கட்டம். நாங்கள் யாரும் அவனை அவசரப்படுத்தவில்லை. மூடி ஆற்றங்கரையைத் தாண்டிப் பாலத்தடிக்கு வந்தபோது, அக்கா விரல் நுனியால் பொத்தானைக் கட்டத்தின் ஓரமாகத் தள்ளி இடம் விட்டாள்.